வேலைப் பலகை: மென்பொருள் குழுவுக்கு எந்த முறை ஏற்றது?



மளிகைக் கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் படிக்கும் இதழில் மென்பொருள் குழுவைப் பற்றிய பாடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இன்று பில் போடுவது, இருப்புக் கணக்கு, ஜி.எஸ்.டி. தாக்கல் ஆகிய எல்லாமே கணினியில் நடக்கின்றன. அந்த மென்பொருளை எழுதித் தருபவர்களில் பலர் திருப்பூரிலும் கோவையிலும் ஐந்து பேர், பத்து பேரோடு சிறு அலுவலகம் நடத்தும் நம் வீட்டுப் பிள்ளைகளே. "பத்து நாளில் முடித்துத் தருகிறோம்" என்று சொன்ன வேலை மூன்று மாதம் இழுத்தால் நஷ்டம் இரு பக்கமும் உண்டு. நமக்கு முன்பணம் முடங்குகிறது. அவர்களுக்கு நல்ல பெயர் போகிறது.

இப்படி வேலை இழுப்பதற்குத் திறமைக் குறைவுதான் காரணம் என்று நாம் நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் காரணம் வேறு. எத்தனை வேலை அரைகுறையாகக் கிடக்கிறது, அது எந்த இடத்தில் கிடக்கிறது என்று யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதற்கே வேலைப் பலகை. அதில் பல முறைகள் உண்டு. எது யாருக்குப் பொருந்தும் என்பதே இன்றைய பாடம்.

கண்ணுக்குத் தெரியாத சரக்கு

ஒரு பனியன் ஆர்டர் எத்தனை கை மாறுகிறது என்பது நம் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். நூல் நிட்டிங்குக்குப் போகிறது. துணி சாயப்பட்டறைக்குப் போய், காம்பாக்டிங் முடிந்து, கட்டிங்குக்கு வருகிறது. பிறகு பவர் டேபிளில் தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். ஓரிடத்தில் வேலை தேங்கினால் உடனே தெரிந்துவிடும். கட்டிங் மேசையருகே துணி உருளைகள் குவிந்திருக்கும். அடுத்த அறையில் தையல்காரர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். முதலாளி ஒரு சுற்று நடந்து வந்தாலே போதும்.

ஓர் இடம் நின்றால் எல்லாம் நிற்கும் என்பதை 2011இல் ஊரே பார்த்தது. நொய்யலில் சாயக்கழிவு கலந்த வழக்கில், அந்த ஆண்டு ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நிட்டிங் மெஷின் இருந்தது, தையல்காரர் இருந்தார், ஆர்டரும் இருந்தது. ஆனாலும் சாயம் என்ற ஒரு கட்டம் அடைபட்டதால் பலர் துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட வேண்டியதாயிற்று. முன்கட்டத்தில் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும், அடைபட்ட கட்டத்தைத் தாண்டி ஒரு பீஸ்கூடக் கூடுதலாகப் போகாது.

மென்பொருள் வேலைக்கும் கட்டங்கள் உண்டு. வாடிக்கையாளரின் தேவையை எழுதிக்கொள்வது, திட்டமிடுவது, நிரல் எழுதுவது, சோதிப்பது, கடையில் பொருத்திக் கொடுப்பது. ஆனால் அங்கே துணி உருளை குவிவதில்லை. இருபது வேலை அரைகுறையாகக் கிடந்தாலும் மேசை சுத்தமாகவே இருக்கும். அந்த இருபதுக்கும் சம்பளம் கொடுத்தாகிவிட்டது. ஒன்றுக்கும் பில் போட முடியாது. விற்காத சரக்கில் முதல் முடங்குவது போன்றதுதான் இது. நம் சரக்கு குடோனில் தெரிகிறது, அவர்கள் சரக்கு தெரிவதில்லை.

மளிகைக் கடையில் பிறந்த முறை

இந்தப் பலகை முறைகளில் புகழ்பெற்ற ஒன்றுக்குக் கன்பான் என்று பெயர். ஜப்பானிய மொழியில் அதற்குப் பெயர்ப்பலகை, அடையாள அட்டை என்று பொருள். இதன் மூலம் நம்முடைய தொழில்தான் என்பதை மளிகைக்காரர்கள் பெருமையுடன் தெரிந்துகொள்ளலாம்.

1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற மளிகைக் கடையைத் திறந்தார். வாடிக்கையாளரே தட்டிலிருந்து சாமானை எடுத்துக்கொள்ளும் சுயசேவைக் கடை அது. பின்னாளில் இத்தகைய கடைகள் அமெரிக்கா முழுவதும் பெருகின. டொயோட்டா கார் நிறுவனத்தில் பொறுப்பில் இருந்த டாய்ச்சி ஓனோ இக்கடைகளின் நடைமுறையை ஆராய்ந்தார். வாடிக்கையாளர் தேவையானதை, தேவையான அளவில், தேவையான நேரத்தில் எடுக்கிறார். தட்டில் குறைந்த அளவை மட்டும் கடைக்காரர் நிரப்புகிறார். தொழிற்சாலையிலும் ஏன் இப்படிச் செய்யக் கூடாது என்பது அவருடைய கேள்வி.

1950களில் டொயோட்டாவின் இயந்திரப் பிரிவில் இதைச் செய்து பார்த்தார்கள். பின்கட்டத்தில் இருப்பவர் உதிரிப் பாகத்தை எடுக்கும்போது அதனுடன் இருந்த அட்டை முன்கட்டத்துக்குத் திரும்பும். அட்டை வந்தால்தான் முன்கட்டத்தார் அடுத்ததைச் செய்வார்கள். அட்டை இல்லாமல் செய்யக் கூடாது, அட்டை இல்லாமல் கொண்டுபோகக் கூடாது, பழுதானதை அடுத்தவருக்குத் தள்ளக் கூடாது என்பவை முக்கிய விதிகள். அட்டைகளின் எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைத்தால், இருப்பின் மறைவில் ஒளிந்திருந்த கோளாறுகள் வெளியே வரும். ஓனோ இவற்றை 1978இல் நூலாக எழுதினார்.

ஐதராபாத்தில் நடந்தது

கார் தொழிற்சாலையின் இந்த எண்ணம் மென்பொருளுக்கு வந்த கதையில் இந்தியாவுக்கும் பங்குண்டு. 2004இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் உள் உபயோக மென்பொருள்களைப் பராமரிக்கும் சிறு குழு ஒன்று ஐதராபாத்தில் இயங்கியது. ஒரு கோரிக்கை வந்தால் முடித்துக் கொடுக்க ஐந்து மாதம் ஆயிற்று. நிலுவை ஏறிக்கொண்டே போனது. டிராகோஸ் டுமிட்ரியு என்ற மேலாளர், டேவிட் ஆண்டர்சன் என்பவரின் யோசனையுடன் இதை ஆராய்ந்தார்.

கண்டது என்ன? வருகிற ஒவ்வொரு கோரிக்கைக்கும் எத்தனை நாள் ஆகும் என்று மதிப்பீடு எழுதித் தருவதிலேயே குழுவின் உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது. விலை விசாரிப்பவர்களுக்கெல்லாம் கொட்டேஷன் எழுதிக் கொடுத்துவிட்டு, வாங்க வந்தவருக்குச் சாமான் கட்ட நேரமில்லாமல் நிற்பதைப் போன்ற நிலை. மதிப்பீடு எழுதுவதை நிறுத்தினார்கள். ஒரே நேரத்தில் கையில் எடுக்கும் வேலைக்கு வரம்பு கட்டினார்கள். ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்தது உள்ளே வரும். பிறகு ஆள் பலத்தையும் சரிசெய்தார்கள். ஓராண்டுக்குள் ஐந்து மாதம் என்பது சில வாரங்களாகக் குறைந்தது.

இதில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அந்தக் குழுவில் முதலில் வந்தது வரம்பு. சுவரில் அட்டை ஒட்டும் பலகை, ஆண்டர்சன் பின்னர் பணிபுரிந்த வேறொரு நிறுவனத்தில்தான் வழக்கத்துக்கு வந்தது. ஆகவே பலகை வாங்கி மாட்டினால் மட்டும் பலன் கிடைத்துவிடாது.

வழக்கில் உள்ள முறைகள்

1. காலவரிசை அட்டவணை. எந்த வேலை எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்று கோடு இழுத்துக் காட்டுவது. ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசர்கள் வைத்திருக்கும் டி அண்ட் ஏ காலண்டர் இந்த வகைதான். கப்பல் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி நூல், சாயம், தையல் என்று தேதி போடுவார்கள். தேதி தவறினால் விமானச் சரக்குக் கட்டணம் ஏற்றுமதியாளர் தலையில் விழும். ஒன்று முடிந்தால்தான் மற்றொன்று என்ற கட்டாயமும், அசையாத இறுதித் தேதியும் உள்ள வேலைக்கு இது ஏற்றது. நடுவில் தேவை மாறிக்கொண்டே இருந்தால் அட்டவணையைத் திருத்துவதே தனி வேலையாகிவிடும்.

2. ஸ்கிரம். 1986இல் ஜப்பானியப் பேராசிரியர்கள் டாகேயுச்சியும் நோனாகாவும் ரக்பி ஆட்டத்திலிருந்து எடுத்தாண்ட சொல். ஜெஃப் சதர்லாண்டும் கென் ஷ்வாபரும் 1995இல் இதை மென்பொருள் முறையாக ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள். ஒரு மாதத்துக்கு மேற்படாத கெடுவுக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். பல குழுக்கள் இரண்டு வாரம் வைக்கின்றன. கெடு தொடங்கும்போது இன்ன இலக்கு, அதற்கு இன்ன வேலைகள் என்று தீர்மானிக்கிறார்கள். இலக்கைக் கெடுக்கும்படியான மாற்றத்துக்கு நடுவில் இடமில்லை. கெடு முடிந்ததும் செய்ததைக் காட்டி, அடுத்ததைத் திட்டமிடுகிறார்கள். வாரச் சந்தைக்கு வண்டி ஏற்றுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். வண்டி புறப்பட்ட பின் வந்த மூட்டை அடுத்த சந்தைக்குத்தான்.

3. கன்பான். இதில் கெடு கிடையாது. வேலை வந்துகொண்டே இருக்கும், முடிந்து போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் இத்தனைக்கு மேல் வேலை இருக்கக் கூடாது என்ற வரம்பு மட்டும் உண்டு. இது அன்றாடக் கல்லா வியாபாரம். காலை ஆறு மணிக்கு வருபவரையும் இரவு ஒன்பது மணிக்கு வருபவரையும் கவனிக்க வேண்டும். ஆனால் தராசு ஒன்றுதான்.

இவை தவிர, "செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது" என்று மூன்று கட்டம் மட்டும் கொண்ட எளிய பலகையும் உண்டு. இரண்டு மூன்று பேர் உள்ள இடத்துக்கு அதுவே போதும். நடுக் கட்டத்துக்கு ஒரு வரம்பு எழுதிவிட்டால் அதுவும் சிறு கன்பான்தான்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

வேலை எப்படி வருகிறது என்பதே முதல் கேள்வி. நமக்குத் தெரிந்த இரண்டு வேலைகளை ஒப்பிட்டால் விளங்கும்.

2025 செப்டம்பர் 3ஆம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் வரி விகிதங்களை மாற்ற முடிவு செய்தது. செப்டம்பர் 22 முதல் அமல். பற்பசை, ஷாம்பு, சோப்பு, தலைக்கு வைக்கும் எண்ணெய், பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. நெய்யும் வெண்ணெயும் 12லிருந்து 5 ஆயின. பில்லிங் மென்பொருள் தருபவர்களுக்குக் கிடைத்தது பத்தொன்பது நாள். தேதி அசையாது, என்ன செய்ய வேண்டும் என்பதும் தெளிவு. விகிதப் பட்டியலை மாற்றுவது, பழைய இருப்பைக் கவனிப்பது, சோதிப்பது, கடைகளில் பொருத்துவது என்று பின்னோக்கி நாள் எண்ணும் காலவரிசை அட்டவணையே இதற்குப் பொருத்தம்.

இதே மென்பொருள்காரருக்கு அன்றாடம் வருவது வேறு வகை. ஒரு கடையில் பிரிண்டர் எடை காட்டவில்லை, இன்னொரு கடையில் கடன் வாடிக்கையாளர் பாக்கி தப்பாக வருகிறது, மற்றொருவருக்குப் புது ரிப்போர்ட் வேண்டும். எது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இதற்கு இரண்டு வாரக் கெடு வைத்தால், மூன்றாம் நாள் வந்த அவசரப் புகாரை என்ன செய்வது? காக்க வைத்தால் கடை நிற்கும். உள்ளே விட்டால் கெடு உடையும். ஆகவே இதற்குக் கன்பான்.

புதிதாக ஒரு பெரிய மென்பொருள், உதாரணமாக மொத்த வியாபாரியின் குடோன், வண்டி, வசூல் மூன்றையும் இணைக்கும் கணக்கு எழுத வேண்டும் என்றால் நிலைமை வேறு. என்ன வேண்டும் என்பது நமக்கே முழுதாகத் தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு பகுதியைக் காட்டி, நாம் பார்த்துத் திருத்தம் சொல்ல, அடுத்த பகுதிக்குப் போவது நல்லது. இங்கே ஸ்கிரம் பயன்படும்.

சுருக்கமாக:

வெளியார் வைத்த தேதி, தெளிவான தேவை: காலவரிசை அட்டவணை.
புது வேலை, தேவை போகப் போகத் தெளிவாகும், வாடிக்கையாளர் அடிக்கடி பார்க்க முடியும்: ஸ்கிரம்.
நிற்காமல் வரும் பழுது, திருத்தம், சிறு கோரிக்கை: கன்பான்.
இரண்டு மூன்று பேர் மட்டும்: எளிய பலகை, வரம்புடன்.

ஒரே அலுவலகத்தில் இரண்டு வகை வேலையும் இருந்தால் இரண்டு பலகை வைக்கலாம். ஆனால் ஒரே ஆளை இரண்டு பலகைக்கும் முழு ஆளாகக் கணக்குக் காட்டுவது கூடாது.

வரம்பு ஏன் உயிர்நாடி?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடையில் கடன் பாக்கி மொத்தம் 60,000 ரூபாய். நாளொன்றுக்குச் சராசரி வசூல் 2,000 ரூபாய். வசூலாகும் அளவுக்குப் புதுக் கடனும் போகிறது. அப்படியானால் நாம் கொடுக்கும் பணம் திரும்பிவரச் சராசரி 30 நாள். பாக்கி 30,000 ஆக இருந்து வசூல் அதே 2,000 என்றால் 15 நாள்.

வேலைக்கும் இதே கணக்குத்தான். கையில் 20 வேலை, வாரத்துக்கு முடிவது 4 என்றால் ஒரு வேலைக்குச் சராசரி 5 வாரம். கையில் 8 மட்டும் என்றால் 2 வாரம். ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961இல் இதைக் கணித முறையில் நிறுவினார்.

வரம்பு வைத்தால் வெளியே வரிசை நீளாதா என்று கேட்கலாம். நீளும். கையில் எடுக்காத 12 வேலை மாயமாகிவிடாது. ஆனால் வெளியே நிற்கும் வேலைக்கு இன்னும் உழைப்பு செலவாகவில்லை. வேண்டாம் என்றால் நஷ்டமில்லாமல் விட்டுவிடலாம். எதை முதலில் எடுப்பது என்று வாடிக்கையாளருடன் பேசி முடிவு செய்யலாம். உண்மையான தேதியும் சொல்லலாம். இருபதையும் தொட்டுவைத்தால் இருபது பேருக்கும் பொய்த் தேதிதான் கிடைக்கும்.

பலகை அமைக்கும் விதம்

ஐந்து பேர் குழு, மூவர் நிரல் எழுதுபவர், ஒருவர் சோதிப்பவர், ஒருவர் புகார் வாங்குபவர் என்று வைத்துக்கொள்வோம். பலகையில் இடமிருந்து வலமாக: வந்தவை; அடுத்து எடுப்பவை (4); எழுதுவது (3); சோதிப்பது (2); கடையில் பார்த்து ஒப்புதல் (3); முடிந்தவை. அடைப்பில் உள்ள எண்ணே வரம்பு. ஓர் ஆளுக்கு ஒன்று அல்லது இரண்டு வேலை என்று தொடங்கி, மாதம் ஒருமுறை பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

ஒரு வேலைக்கு ஓர் அட்டை. அதில் வாடிக்கையாளர் பெயர், வேலை விவரம், வந்த தேதி, எடுத்த தேதி, செய்பவர் பெயர் இருக்க வேண்டும். தடைபட்ட வேலைக்குச் சிவப்புப் புள்ளியும் காரணமும் எழுத வேண்டும். அவசர வேலைக்கு மேலே ஒரு தனி வரிசை; அதில் ஒரே ஓர் அட்டைதான் இருக்கலாம்.

சோதிக்கும் கட்டத்தில் இரண்டும் நிரம்பியிருந்தால், எழுதி முடித்தவர் புது வேலை எடுக்கக் கூடாது. சோதிப்பவருக்குக் கைகொடுக்க வேண்டும். முதலில் இது கசக்கும். ஆனால் சாயப்பட்டறை அடைபட்டபோது துணி நெய்து குவித்தவருக்கு என்ன பலன் என்று எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

தினமும் காலையில் பத்து நிமிடம் பலகை முன் நின்று பேச வேண்டும். வலது ஓரத்திலிருந்து தொடங்குவது நல்லது. முடியும் தறுவாயில் உள்ளதை முடிப்பதற்கே முதல் கவனம்.

எல்லோரும் ஓரிடத்தில் வேலை செய்தால் சுவர்ப் பலகையே சிறந்தது, செலவும் சொற்பம். ஆட்கள் வெவ்வேறு ஊரில் இருந்தால் கணினிப் பலகை தேவை. பலகையைப் பார்த்து ஆளைத் திட்டத் தொடங்கினால் மறுநாளே அட்டைகள் பொய் சொல்லத் தொடங்கும். தேக்கம் ஏன் என்றுதான் கேட்க வேண்டும்.

நம் பங்கு என்ன?

வேலை இழுப்பதில் வியாபாரிகளாகிய நமக்கும் பொறுப்பு உண்டு. "கடையில் பார்த்து ஒப்புதல்" என்ற கட்டத்தில் அட்டைகள் வாரக்கணக்கில் நிற்பது நம்மால்தான். சாமான் பட்டியல் தருவதாகச் சொல்லியிருப்போம்; பண்டிகை வியாபாரத்தில் மறந்திருப்போம். "அப்படியே இதையும் சேர்த்துப் போட்டுக் குடுங்க தம்பி" என்று வேலை நடுவில் ஒன்றைத் திணிப்போம். அந்தத் தம்பியும் "சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, பாதியில் இருந்ததை ஒதுக்கி வைப்பார். பிறகு இரண்டுமே தாமதம்.

அடுத்த முறை மென்பொருள் வேலை கொடுக்கும்போது முன்பணம் தருமுன் இவற்றைக் கேட்டு வையுங்கள்:

1. இப்போது உங்கள் கையில் எத்தனை வேலை இருக்கிறது? வாரத்துக்கு எத்தனை முடிகிறது?
2. என் வேலை வரிசையில் எங்கே நிற்கும்? அதை நான் பார்க்க முடியுமா?
3. நடுவில் மாற்றம் சொன்னால் எப்போது எடுப்பீர்கள்? அதற்கு எது தள்ளிப்போகும்?
4. எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்ததைக் காட்டுவீர்கள்?
5. என் பக்கத்திலிருந்து எந்தத் தேதிக்குள் என்ன வேண்டும்?

முதல் கேள்விக்கு விடை தெரிந்தவர் சொல்லும் தேதியை நம்பலாம். "எத்தனை வேலை வந்தாலும் எடுப்போம்" என்பவரிடம் யோசித்துக் கொடுக்கவும்.

கடையிலும் செய்து பார்க்கலாம்

மளிகையிலிருந்து போன முறையை மளிகைக்கே திருப்பிக்கொள்வதில் தவறில்லை. சர்க்கரை நாளொன்றுக்கு 10 கிலோ விற்கிறது. மண்டியிலிருந்து வர 3 நாள். கைகாவலாக 2 நாள். ஆக 5 நாளுக்கு 50 கிலோ, ஒரு மூட்டை. கடைசி மூட்டையின் மேல் ஓர் அட்டையைக் கட்டிவிடுங்கள். அந்த மூட்டையைப் பிரிக்கும் பையன் அட்டையைக் கொண்டுவந்து கல்லாவில் கொடுக்க வேண்டும். அன்றே ஆர்டர் போட வேண்டும். முதலாளி ஊரில் இல்லாவிட்டாலும் சரக்கு தீராது, அளவுக்கு மீறியும் சேராது.

வீட்டுக்கு அனுப்பும் ஆர்டர்களுக்கும் எழுதியது, கட்டுவது, அனுப்பியது, பணம் வந்தது என்று நான்கு கட்டம் போட்டுச் சீட்டுகளை நகர்த்தலாம். "கட்டுவது" கட்டத்தில் ஆளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அரைகுறையாகக் கட்டிய மூன்று பைகளில்தான் பருப்பு மாறிப் போகிறது.

பயிற்சி

இந்த வாரம் உங்கள் கடையில், குடோனில், கணக்கில் தொடங்கி முடிக்காமல் கிடக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரே தொடங்கிய தேதியைப் போடுங்கள். மிகப் பழைய மூன்றை எடுத்து, முடிக்கலாமா, விட்டுவிடலாமா என்று முடிவு செய்யுங்கள். அந்த மூன்றும் தீரும்வரை புதிதாக ஒன்றும் தொடங்க வேண்டாம். பலகையும் அட்டையும் வாங்குவதற்கு முன் இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.